மாடியில யாரோ நாற்காலி இழுக்கறாங்க ஆன்ட்டி

போன வருஷம் ஆடி மாதம். இரவு மணி 10.52. வழக்கம்போல ஊஞ்சலில் உட்கார்ந்து பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் மாடியில் குடியிருக்கும் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "ஆன்ட்டி, மேல் வீட்ல டெய்லி இந்த டைமுக்கு நாற்காலியோ எதையோ இழுக்கறாங்க. தூங்கவே முடியல. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை அப்படியே இரண்டாம் மாடிக்கு ஃபார்வர்ட் செய்தேன். கூடவே, "கொஞ்சம் பார்த்துக்கோங்கம்மா" என்று ஒரு வரி. இரண்டு நொடி வேலை. அந்த இரண்டு நொடி வேலை செய்த கெடுதலைச் சரிபண்ண எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒன்றரை மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டையில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே நாங்கள் இருவர். முதல் மாடியில் ஐ.டி. வேலை பார்க்கும் இளம் தம்பதி. இரண்டாம் மாடியில் இரண்டு பையன்களோடு ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் காய்கறி வியாபாரம், விடிகாலை மூன்றரைக்கு எழுந்து கோயம்பேடு போகிறவர்.

சத்தத்துக்குப் பஞ்சமில்லாத இடம் இது. தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயில், மீனம்பாக்கத்திலிருந்து தலைக்கு மேல் ஏறும் விமானம், ஆடி வந்தால் தெருமுனை அம்மன் கோவில் ஸ்பீக்கர். இருபது வருஷமாக வாடகைக்கு விடுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ரயில் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. மேல் வீட்டு நாற்காலியைப் பற்றிச் சொல்லாதவரும் இல்லை. ரயிலுக்கு முகம் கிடையாது. மேல் வீட்டுக்காரருக்கு இருக்கிறது; காலையில் படிக்கட்டில் அந்த முகத்தைப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. அதனால்தான் ரயிலோடு தூங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன டக்கோடு தூங்க முடியவில்லை. இந்தப் புகார்களில் பாதி காதைப் பற்றியது, பாதி மனசைப் பற்றியது. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சரி, ஃபார்வர்ட் செய்தேனா? மறுநாள் காலை இரண்டாம் மாடி அம்மா கீழே வந்தார். "அக்கா, நாங்க ஒன்பதரைக்கெல்லாம் படுத்துடுவோம். பதினொரு மணிக்கு யாரு நாற்காலி இழுக்கப் போறா?" என்றார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அப்படியா, நான் வந்து பார்க்கிறேன்" என்று. சொன்னது என்ன? "பசங்க இருக்கற வீடு, அப்படித்தான் இருக்கும்மா. கொஞ்சம் கவனமா இருங்க."

விசாரணையே இல்லாமல் தீர்ப்பு. அதுவும் பெருந்தன்மை மாதிரி வேஷம் போட்ட தீர்ப்பு.

அடுத்த வாரமும் செய்தி வந்தது. அதற்கடுத்த வாரமும். இப்போது கொஞ்சம் சூடாக: "ஆன்ட்டி, சொல்லியும் வேணும்னே பண்றாங்க போல." முதல் மாடித் தம்பி ஒருநாள் ராத்திரி துடைப்பக் குச்சியால் சீலிங்கைத் தட்டியிருக்கிறான். மேலே தூங்கிக்கொண்டிருந்த சின்னவன் பயந்து எழுந்து அழுதிருக்கிறான். அதன்பிறகு இரண்டு குடும்பமும் படிக்கட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். மொட்டை மாடிக் கொடியில் யார் துணி எந்தப் பக்கம் என்று ஒரு எல்லைக்கோடும் உருவாகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூடக் காதால் கேட்கவில்லை என்று. முதல் மாடிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இரவு பத்தரைக்கு மேலே போனேன். அவர்கள் படுக்கையறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பதினொன்று. பதினொன்றேகால். ஃபேன் சத்தம், தூரத்தில் ரயில். வேறு ஒன்றும் இல்லை. "இன்னிக்கு ஏனோ இல்ல ஆன்ட்டி" என்றாள் பாவம். மறுநாளும் போனேன். அன்றும் இல்லை. இறங்கி வரும்போது என் மனதில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை: இந்தப் பெண்ணுக்கு வேலை டென்ஷன், இல்லாததையெல்லாம் கேட்கிறாள்.

மூன்றாம் நாள் நான் போகவில்லை. அன்றைக்குச் சத்தம் வந்திருக்கிறது. அந்தத் தம்பி விவரமானவன். போனைத் தரையில் வைத்து நாற்பது நொடி பதிவு செய்து அனுப்பியிருந்தான்.

காலையில் காபி குடித்துக்கொண்டே அதை ஓடவிட்டேன். *கிரீச்… டக். கிரீச்… டக்.* என் வீட்டுக்காரர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலேயே கேட்டார்:

"நம்ம ஊஞ்சல் சத்தத்தை எதுக்கு ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்க?"

சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு இவரை ஊஞ்சலில் உட்காரவைத்துவிட்டு நான் முதல் மாடிக்குப் போனேன். கிரீச், டக். சந்தேகமே இல்லை. கண்ணை மூடிக் கேட்டால் மேலிருந்து வருகிற மாதிரியேதான் இருக்கிறது. தரையில் உள்ளங்கையை வைத்ததும் டைல்ஸ் லேசாக அதிர்வது தெரிந்தது. நான் மேலே போய்க் காவல் காத்த இரண்டு நாளும் சத்தம் ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது. சத்தம் போடுகிறவளே மேலே வந்து உட்கார்ந்திருந்தால் எப்படி வரும்?

ரூஃப் காங்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய ஊஞ்சல் கொக்கி அது. பித்தளைச் சங்கிலி அதில் உராயும்போது வரும் சத்தம் கூடத்தில் இருக்கும் நமக்கு இதமாக இருக்கிறது. கொக்கி வழியாகத் தளத்துக்குள் ஏறும் அதிர்வோ, மேல் வீட்டுப் படுக்கையறையில் வேறு குரலில் பேசுகிறது. கட்டடத்தின் வழியாக வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். தலைக்கு மேல் இரண்டு பையன்கள் இருப்பது தெரிந்த பிறகு, காது சொல்லாததை மனசு சொல்லிவிடுகிறது.

அன்று ராத்திரியே முதல் மாடியில் உண்மையைச் சொன்னேன். அந்தத் தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். மறுநாள் காலை இரண்டாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் எடுத்தேன். அதற்குள் கண்ணில் பட்டது. கூடம் முழுக்கக் கோரைப் பாய் விரித்திருந்தது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளின் பதினாறு கால்களிலும் பழைய புடவைத் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார் அந்த அம்மா. பெரியவன் பாத்ரூமிலிருந்து வந்தான், நுனிக்காலில்.

செய்யாத தவறுக்கு ஒரு வீடு ஒன்றரை மாதம் நுனிக்காலில் நடந்திருக்கிறது. வாடகை வாங்குகிறவள் சொன்னதை மறுத்துப் பேசினால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

இதுதான் நான் கற்றது: சத்தப் புகார் வந்தால் ஹவுஸ் ஓனர் நீதிபதி ஆகக்கூடாது. முதலில் கொத்தனார் ஆகவேண்டும். குற்றவாளி யார் என்று தேடுவதற்கு முன்னால் சத்தம் எதன் வழியாக வருகிறது என்று தேட வேண்டும்.

முதலில் போய்க் கேளுங்கள்

புகார் வந்தால் இப்போது நான் மூன்று கேள்விதான் கேட்கிறேன். எத்தனை மணிக்கு? எந்த அறையில் அதிகம்? எந்த மாதிரிச் சத்தம்: தட்டுவதா, உராய்வதா, பாட்டா, பேச்சா, உறுமலா? ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துக்கொடுங்கள் என்கிறேன். இதில் இரண்டு லாபம். பாதிப் பேருக்கு எழுதும்போதே, தினமும் என்று நினைத்தது வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்று தெரிந்துவிடும். மீதிப் பேருக்கு, சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கிறார் என்ற ஆறுதல். மேல் வீட்டில் நிஜமாகவே தொல்லை என்றால், அந்தத் தாள்தான் பின்னால் நமக்கு ஆதாரமும்.

அப்புறம், அந்த நேரத்துக்கே போய் அந்த அறையில் உட்கார வேண்டும். பகலில் போய், "ஒண்ணும் கேக்கலையேம்மா" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வீட்டிலுள்ள மற்றவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது நான் அவமானப்பட்டுக் கற்ற துணைவிதி.

சத்தம் இரண்டு வகை. காற்றில் வருவது ஒன்று: டி.வி., பேச்சு, பாட்டு. இது தண்ணீர் மாதிரி, சந்து கிடைத்த இடத்தில் நுழையும். கதவுக்கு அடியில் உள்ள இடைவெளி, வென்டிலேட்டர், ஏ.சி. பைப்புக்காகப் போட்டு அடைக்காமல் விட்ட ஓட்டை. இன்னொன்று கட்டடத்தில் வருவது: நாற்காலி இழுப்பது, தேங்காய் உடைப்பது, கிரைண்டர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார். இதற்குக் கதவைச் சாத்தினாலும் பயனில்லை. நம் ஊர் வீடுகளில் ஐந்து அங்குலச் சொச்சம் காங்கிரீட், அதன்மேல் கலவை, அதன்மேல் நேராக டைல்ஸ். நடுவில் அதிர்வைக் குடிக்கிற மெத்தென்ற பொருள் எதுவும் கிடையாது. மேலே ஒரு டம்ளர் விழுந்தால் கீழே இடி. தவறு டம்ளரைத் தவறவிட்டவரிடம் மட்டுமா இருக்கிறது?

பக்கத்துப் பக்கத்துப் போர்ஷன் என்றால் நடுச்சுவரைப் பாருங்கள். ஒரு வீட்டை இரண்டாகப் பிரிக்கும்போது பணத்தையும் இடத்தையும் மிச்சம்பிடிக்க நாலரை அங்குலச் சுவர் எழுப்பியிருப்போம். ஒன்பது அங்குலச் சுவர் தடுக்கிற அளவுக்கு அது தடுக்காது. அந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் தூக்கம் வரும். வாடகை இரண்டாக வாங்குகிற நமக்கு அதில் பங்கு இல்லையா?

நூறு ரூபாய் வைத்தியங்கள்

பெரும்பாலான புகார்கள் ஹார்டுவேர் கடையில் தீர்ந்துவிடும். நாற்காலி, மேஜைக் கால்களுக்கு ரப்பர் புஷ். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் அடியில் கெட்டியான ரப்பர் விரிப்பு. வாஷிங் மெஷின் துள்ளினால் நான்கு காலும் சமமாகத் தரையில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கதவு அடியில் ரப்பர் பட்டை. நடுச்சுவர் ஓரமாகத் துணி நிறைந்த பீரோவையோ புத்தக அலமாரியையோ நகர்த்தலாம். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைக்கக்கூடாது, தரையிலும் நேராக வைக்கக்கூடாது.

இதில் ரப்பர் புஷ்ஷை நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். புது ஆள் குடிவரும்போது பால் காய்ச்சும் அன்று ஒரு பாக்கெட். "சத்தம் போடாதீங்க" என்று சொல்வதற்குப் பதில் அதுவே சொல்லிவிடும்.

ஓனர் கணக்கில் வரும் சத்தங்கள் என்று ஒரு பட்டியலும் போட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு நான் போடும் மோட்டார். அதற்கு அடியில் ரப்பர் கிடையாது. இருபது வருஷமாக எண்ணெய் காணாத இரும்பு கேட். வண்டி உள்ளே வரும்போதெல்லாம் டமால். காற்றடித்தால் ஆடும் மொட்டை மாடிக் கதவு. எல்லாவற்றுக்கும் மேலே ஊஞ்சல். மோட்டாரை ஆறரைக்கு மாற்றினேன். ஊஞ்சல் கொக்கிக்கு முதலில் தேங்காய் எண்ணெய் விட்டோம், நாலு நாள்தான் தாங்கியது. அப்புறம் ஆளை வைத்து பேரிங் உள்ள கொக்கியாக மாற்றினோம். இவர் இப்போது சத்தமே இல்லாத ஊஞ்சல் ஊஞ்சலே இல்லை என்று புலம்புகிறார். அது எங்களுக்குள்.

நிஜமாகவே சத்தம் போடுகிறவர்கள்

இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இந்தத் தம்பதிக்கு முன்னால் முதல் மாடியில் மூன்று பேச்சிலர் பையன்கள் இருந்தார்கள். ஹோம் தியேட்டர் வாங்கினார்கள். ராத்திரி சண்டைக் காட்சி வந்தால் எங்கள் பூஜை அறை மணி தானாக அடிக்கும். போன் செய்தால், "சாரி ஆன்ட்டி" என்பார்கள், அரை மணி நேரம் குறையும், பிறகு மெல்ல ஏறும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காதுக்கு அது நிஜமாகவே குறைவுதான். பேஸ் சத்தம் பாட்டிலிருந்து பிரிந்து, வெறும் தும் தும்மாகத் தளத்தைத் தாண்டி வந்துவிடும்.

ஒருநாள் அவர்களில் ஒருவனைக் கீழே கூப்பிட்டு எங்கள் கட்டிலில் உட்காரச் சொன்னேன். மேலே இருந்தவர்களிடம், "எப்பவும் வைக்கற மாதிரியே வைங்கப்பா" என்றேன். ஐந்து நிமிஷம் அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதையா டெய்லி கேக்கறீங்க?" என்றான். அவனே வூஃபரை ஃபோம் மேல் தூக்கி வைத்தான். பத்து மணிக்கு மேல் ஹெட்போன். கிரிக்கெட் ஃபைனல் என்றால் முன்கூட்டியே வந்து சொல்வான், நாங்களும் அன்று லேட்டாகப் படுப்போம். நான் எவ்வளவோ சொல்லியும் நடக்காதது அந்தக் கட்டிலில் ஐந்து நிமிஷத்தில் நடந்தது.

பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. ஒருவர் அனுப்பிய செய்தியை இன்னொருவருக்கு அனுப்பவே கூடாது. கோபத்தில் எழுதிய வார்த்தை அப்படியே போய்க் குத்தும். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பேசக்கூடாது. பத்துப் பேர் முன்னால் யாரும் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சத்தம் நடக்கும்போதே கதவைத் தட்டாமல், மறுநாள் மாலை போய்ப் பேசலாம். "உங்க பசங்க" என்று ஆரம்பிக்காமல், "இந்தத் தளம் ரொம்ப மெல்லிசு" என்று ஆரம்பித்துப் பாருங்கள். பழி கட்டடத்தின் மேல் விழட்டும், அது கோபித்துக்கொள்ளாது.

புகார் சொல்கிறவரிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. கைக்குழந்தை அழுவது, வயதானவர் இருமுவது, நடுராத்திரி பாத்ரூம் போவது இதெல்லாம் வாழ்க்கை. அதற்கு மருந்து புகார் கொடுத்தவருக்குப் பஞ்சு, இல்லாவிட்டால் படுக்கையை வேறு அறைக்கு மாற்றுவது. நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு நான் பின்பக்க அறையைப் படுக்கையறையாக்கிக்கொள்ளச் சொல்வேன். காலை பத்து மணிக்கு, மேல் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது என்று யாரிடமும் கேட்க முடியாது.

ஒன்றே ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அடிக்கிற சத்தம், அலறல், "விடுங்க" என்ற குரல். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு" என்று அதைச் சத்தப் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. போனை எடுங்கள்.

சட்டம் எங்கே வருகிறது?

கடைசியில். ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. பத்து டெசிபல்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். இது தராசுக் கணக்கு இல்லை. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. நம் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். ஒலிபெருக்கிக்கு இரவு பத்துக்கு மேல் அனுமதி இல்லை. விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டவும் கூடாது. ஆகவே தொல்லை உங்கள் குடித்தனக்காரரிடமிருந்து இல்லாமல், பக்கத்து மனையில் ராத்திரி பன்னிரண்டுக்குக் காங்கிரீட் கலக்கும் மெஷினிலிருந்து வருகிறது என்றால், நீங்களும் குடியிருப்பவரும் சேர்ந்தே காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கலாம். வாடகைக்கு இருப்பவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஓனர் கையெழுத்தும் சேர்ந்தால் அந்தப் புகாருக்குக் கனம் கூடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத்தொல்லை என்பது 270-ஆம் பிரிவு. தண்டனை 292-ஆம் பிரிவில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், பொது. அக்கம்பக்கத்தார் பொதுவாகப் பாதிக்கப்பட வேண்டும். மேல் வீட்டு நாற்காலிக்கும் கீழ் வீட்டுத் தூக்கத்துக்கும் நடுவில் நடக்கும் பஞ்சாயத்துக்கு இந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போனால், ஸ்டேஷனில் டீ வாங்கிக்கொடுத்துச் சமாதானம் பேசித்தான் அனுப்புவார்கள்.

நமக்கு நேராக வருவது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டவர்களுக்குப் பிரச்சினை வரும்போதுதான் அதன் அருமை தெரியும். இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தாவிட்டால், காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றம் போக அதில் வழி இருக்கிறது. பொதுத்தொல்லை தரும் விதமாகப் பயன்படுத்துவதும் அந்தத் தவறான பயன்பாட்டில் அடங்கும். வழி நீதிமன்றத்தின் வாசல்தான், நம் வீட்டு மெயின் ஸ்விட்ச் இல்லை. தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது இதையெல்லாம் அந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. எவ்வளவு கோபம் வந்தாலும் வால்வில் கைவைக்காதீர்கள்.

என் ஒப்பந்தத்தில் இப்போது ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை கிரைண்டர், வாஷிங் மெஷின், டிரில் வேண்டாம். விசேஷம் என்றால் இரண்டு நாள் முன்பு மற்ற வீடுகளுக்குச் சொல்லுங்கள். புகார் வந்தால் முதலில் நேரில் பேச்சு, அடுத்து எழுத்தில் கடிதம், அதற்கும் மேலே என்றால் நோட்டீஸ். கடைசி வரி: மோட்டார், கேட், பைப், கதவு ஆகியவற்றின் சத்தத்தைச் சரிசெய்வது ஓனர் பொறுப்பு. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, "இதை யாரும் எழுத மாட்டாங்களே" என்றார் பத்திரம் எழுதுகிறவர். எழுதுங்கள் என்றேன். எனக்கும் சேர்த்து எழுதியதால்தான் மற்ற வரிகளை அவர்களிடம் காட்டிப் பேச எனக்கு வாய் வருகிறது.

இருபது வருஷத்தில் ஒரே ஒருவரைத்தான் சத்தத்துக்காக அனுப்பியிருக்கிறேன். வாரத்தில் நான்கு ராத்திரி கச்சேரி, கேட்டால் எகத்தாளம். இரண்டு கடிதம் எழுதினேன், நகல் வைத்துக்கொண்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். "கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்கலாமே" என்றார்கள் தெருவில். தூக்கத்துக்கு விலை போட்டுப் பிடித்துவைத்தால் கணக்கு எப்போது முடியும்?

கடைசியாக

இரண்டாம் மாடி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னேன் அல்லவா? கேட்டேன். முதல் மாடித் தம்பதியும் அன்று சாயங்காலம் பழக்கூடையோடு மேலே போனார்கள். துடைப்பக் குச்சிக்காகப் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஆளுக்கொரு சாக்லேட். கொடியில் இருந்த எல்லைக்கோடு அடுத்த மழைக்குள் காணாமல் போனது. யார் துணியை யார் எடுத்து உள்ளே போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நாற்காலிக் கால்களில் சுற்றியிருந்த துணியை மட்டும் அந்த அம்மா எடுக்கவில்லை. "அதை எடுத்துடுங்கம்மா, எனக்குப் பார்க்கவே கஷ்டமா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்கா. டைல்ஸ்ல கீறல் விழாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மாதா மாதம் வாடகை வாங்க மேலே போகும்போது அந்தப் பதினாறு கால்களும் என்னைப் பார்க்கத்தான் செய்கின்றன.

போன வாரம் ஒரு ராத்திரி, மணி 11.10. முதல் மாடியிலிருந்து செய்தி. "ஆன்ட்டி, ஏதோ உருட்டற மாதிரி சத்தம்." விரல் வழக்கம்போல ஃபார்வர்ட் அம்புக்குறிக்குப் போகவில்லை. "கதவைத் திறந்து வைம்மா, வர்றேன்" என்று பதில் போட்டேன்.

படியேறும் முன் ஒருதரம் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஊஞ்சல் அசையாமல்தான் இருந்தது. நல்லவேளை, இந்தத் தடவை நான் இல்லை.